அனுமதியின்றி எழுந்த தோட்டம்

காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்வோர் தனித்து நெய்வதில்லை. கரைக்குரிய நாடாவைச் செலுத்தத் தறியருகே துணையாள் வேண்டும். வடிவங்கள் முன்னோர் வழி வந்தவை, வாங்குவோரும் காத்திருப்பர். இவ்வாறு கைவினை ஊரறிய நடைபெறுவது. இதற்கு நேர்மாறாக, ஆசானும் மரபும் வாங்குவோரும் இன்றித் தனிமையில் பிறக்கும் கலையும் உண்டு. ரோஜர் கார்டினல் என்ற ஆங்கிலேய அறிஞரின் 1972ஆம் ஆண்டு நூலுக்குப் பின் இதனை 'வெளியாள் கலை' என வழங்கலாயினர். சிக்காகோவில் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளராயிருந்த ஹென்றி டார்ஜர் 15,000 பக்கங்களுக்கும் மேற்பட்ட கதையொன்றைச் சித்திரங்களுடன் தம் அறைக்குள்ளேயே ஆக்கி வைத்து, 1973இல் மறைந்தார்.

நம் நாட்டில் இதற்குச் சான்று நேக் சந்த். இன்று பாகிஸ்தானிலுள்ள ஷகர்கர் வட்டாரத்தில் 1924இல் பிறந்தவர். 1947இன் பிரிவினை அவரைப் புலம்பெயரச் செய்தது. பின்னர் சண்டிகரில் பொதுப்பணித் துறைச் சாலை ஆய்வாளரானார். லெ கொர்பூசியே வகுத்த அப்புதுநகருக்காகப் பழைய சிற்றூர்கள் பல இடிக்கப்பட்டன. அவற்றின் உடைந்த பானை, ஓடு, வளையல் துண்டுகளையும் ஆற்றுப்படுகைக் கற்களையும் அவர் மிதிவண்டியில் சுமந்து, கட்டடம் எழுப்பத் தடையிருந்த காட்டுக்குள் சேர்த்தார். இரவுகளில் அவை மனிதராகவும் விலங்காகவும் பறவையாகவும் உருப்பெற்றன. தம் ஊரை இழந்தவர் பிறர் இழந்த ஊர்களின் சிதறல்களைப் பொறுக்கினார் என்பதே நமக்கு முதன்மையாகப் படுகிறது.

அவர் துறவியல்லர், மனைவி மக்களும் அலுவலகமும் இருந்தன. அரசு ஊழியர் அரசு நிலத்தில் அனுமதியின்றிக் கட்டினால் வேலை போகும், கட்டியதும் போகும். ஆகவே அம்மறைவு கூச்சத்தினால் வந்ததன்று. ஏறத்தாழ 18 ஆண்டுகள் அதனைக் காத்தார்.

1975இல் அதிகாரிகள் கண்டபோது அது சுமார் 12 ஏக்கர் பரந்திருந்தது. விதிப்படி இடித்திருக்க வேண்டும். இடிக்கவில்லை, 1976இல் மக்களுக்குத் திறந்துவிட்டு, அவருக்கு ஊதியமும் 50 தொழிலாளரையும் அளித்தனர். அரசு அலுவலகங்களை அறிந்த நமக்கு இது வியப்பே! 1984இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. இன்று தோட்டம் சுமார் 40 ஏக்கர்.

ஆயினும் வெளிப்பட்ட பின் அதனைக் காப்பது அவர் கையில் மட்டும் இருக்கவில்லை. 1996இல் அவர் வெளிநாடு சென்றிருந்தபோது விஷமிகள் சிற்பங்களைச் சிதைத்தனர். 2015 ஜூனில் அவர் காலமானார். 2025இல், அருகிலுள்ள உயர் நீதிமன்றத்தின் போக்குவரத்துக்கும் வாகன நிறுத்தத்துக்கும் இடம் வேண்டி, தோட்டச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது.