காதுக்குப் பின்னால் ஒரு வீக்கம்

டீ ஆறட்டும். அதுவரை காது மடலுக்குப் பின்னால் ஒரு விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். கெட்டியாக ஒரு மேடு தட்டுப்படுகிறதா? அதுதான் மாஸ்டாய்டு எலும்பு. வெளியே கல் மாதிரி இருந்தாலும் உள்ளே அப்படியில்லை. டீயில் நனைக்கிற பன்னைப் பிட்டால் தெரியுமே பொடிப்பொடி ஓட்டைகள், அதுபோல நிறையக் காற்றறைகள். ஒரு குறுகிய வழி அவற்றை நடுக்காதோடு சேர்க்கிறது.

வினை அந்த வழியாகத்தான் வருகிறது. குழந்தைக்குச் சளி பிடிக்கிறது. மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் சின்னப் பிள்ளைகளுக்குக் குட்டை, சரிவும் குறைவு. கிருமி சுலபமாக ஏறிவிடும். செவிப்பறைக்குப் பின்னால் சீழ் கட்டும். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். சில பிள்ளைகளுக்குத்தான் சீழ் காற்றறைகளுக்குள் புகுந்து, நடுவிலிருக்கும் மெல்லிய எலும்புத் தடுப்புகளை அரிக்கும். அதற்குப் பெயர் மாஸ்டாய்டிடிஸ். இரண்டு வயதுக்குட்பட்டவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

இந்த நோய் வந்த பிள்ளையின் முதுகுப் பக்கம் நின்று இரண்டு காதையும் பாருங்கள். ஒன்று மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு, கொஞ்சம் கீழிறங்கி நிற்கும். பின்னால் சிவந்து வீங்கி, தொட்டாலே பிள்ளை வீரிடும். கூடவே காய்ச்சல். ஆன்டிபயாடிக்கை இரண்டு நாள் கொடுத்து நிறுத்திய வீடுகளில் இந்த அடையாளங்கள் அமுங்கிப்போய், நோய் மட்டும் உள்ளே நடந்துகொண்டிருக்கும். அது இன்னும் மோசம்.

இவ்வளவு பயப்படக் காரணம் அந்த எலும்பின் அக்கம்பக்கம். ஒரு மெல்லிய சுவருக்கு அப்பால் மூளை உறை. ஒட்டினாற்போல் மூளையிலிருந்து ரத்தம் திரும்பும் பெரிய நாளம். முகத்தசைகளை அசைக்கும் நரம்பும் அந்த எலும்பு வழியாகத்தான் போகிறது. சீழ் எந்தப் பக்கம் உடைத்தாலும் ஆபத்து.

எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு 1900இல் பாரிஸில் மூளை உறை அழற்சியால் இறந்தார். காதுச் சீழ் பரவியதுதான் மூலம் என்று பலரும் கருதுகிறார்கள். அவருடைய அப்பா வில்லியம் வைல்டு யார் தெரியுமா? டப்ளினில் பேர்போன காது மருத்துவர்! காதுக்குப் பின்னால் கீறிச் சீழை வெளியேற்றும் முறைக்கே அவர் பெயர்தான்.

இன்று நிலைமை எவ்வளவோ மேல். ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தநாளம் வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றுவார்கள். தேவைப்பட்டால் செவிப்பறையில் சின்னதாகக் கீறிச் சீழை வடிப்பார்கள். எலும்பு எவ்வளவு அரித்திருக்கிறது என்பதை சிடி ஸ்கேன் சொல்லிவிடும். மருந்துக்கு மசியாவிட்டால் அறுவை சிகிச்சை: கெட்டுப்போன காற்றறைகளை டிரில்லால் குடைந்து எடுப்பார்கள். முக்கியமான கிருமியான நியூமோகாக்கஸுக்குத் தடுப்பூசியும் உண்டு. அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம்.

சீழ் வடிகிற காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். டாக்டர் சொன்ன நாள்வரை மருந்தைக் கொடுங்கள். காதுக்குப் பின்னால் வீங்கியிருந்தால் விடியட்டும் என்று பார்க்க வேண்டாம். ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.