மிதிவண்டியின் எடையும் அதனைக் குறைக்கும் வழியும்

மயிலிறகினும் மெல்லிய பொருள் உலகில் அரிது. ஆயினும் அம்மயிலிறகையே அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சும் முறியும் என்று வலியறிதல் என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர் எச்சரித்துள்ளார். சிறிது சிறிதாகச் சேரும் சுமையின் ஆற்றலை இதனினும் சுருக்கமாக உணர்த்தினார் பிறரிலர். மிதிவண்டி செலுத்துவோர் இவ்வுண்மையைத் தம் கால்களால் உணர்கின்றனர். ஆணி ஒன்று, தகடு ஒன்று, பூட்டு ஒன்று எனச் சேர்ந்த பளு, ஏற்றம் வந்தவிடத்து மூச்சு வாங்கச் செய்கின்றது. ஆகவே மிதிவண்டியின் எடை எவ்வளவு, அஃது எவ்வெவ்வுறுப்புகளில் தங்கியுள்ளது, எதனைக் குறைக்கலாம், எதனைக் குறைத்தலாகாது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் அளவினை அறிதல் வேண்டும். நம் நாட்டுச் சாலைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் கறுப்புநிற மிதிவண்டி, அதாவது பால்காரரும் தபால்காரரும் ஆசிரியரும் ஏறிச்சென்ற பழைய வகை, ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ளது. அலுமினியச் சட்டம் பூண்ட எளிய பந்தய வண்டி 9 முதல் 11 கிலோ வரை இருக்கும். கரியிழையால் ஆகிய உயர்ந்த வண்டியோ 7 அல்லது 8 கிலோவில் அடங்கும். பந்தயங்களை ஆளும் சர்வதேச சைக்கிள் ஒன்றியம் 2000ஆம் ஆண்டு முதல், பந்தயத்திற்கு வரும் வண்டி 6.8 கிலோவிற்குக் குறைதலாகாது என்று விதித்துள்ளது. எடையைக் குறைக்கும் ஆசை உறுதியைத் தின்றுவிடுதலாகாது என்பதே இவ்விதியின் உட்கருத்து.

தன் வண்டியின் எடையை அறிய விரும்புவோர்க்குப் பெரிய தராசு வேண்டுவதில்லை. ஆள் நிறுக்கும் பொறியொன்றின்மீது முதலில் தாம் மட்டும் நின்று பார்த்து, பின்னர் வண்டியைத் தூக்கிக்கொண்டு நின்று பார்த்தால் இரண்டிற்குமுள்ள வேற்றுமையே வண்டியின் எடையாகும். விற்பனையாளர் விளம்பரங்களில் காணும் எண்ணைச் சற்று ஐயத்துடனேயே கொள்ளல் வேண்டும். மிதிகளைக் கழற்றிவிட்டு, சட்டங்களுள் சிறியதொன்றையே நிறுத்துக் குறிப்பிடும் வழக்கம் அவ்வணிகத்தில் உண்டு.

இனி, இவ்வெடைக்கு அடிப்படையாகிய சட்டத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். மிதிவண்டித் தொழிலில் நம் மாவட்டத்திற்கு ஒரு பெருமையுண்டு. முருகப்பா குழுவினரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தாரும் கூடி, 1949ஆம் ஆண்டில் டி.ஐ. சைக்கிள்ஸ் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். அதன் தொழிற்சாலை அமைந்த அம்பத்தூர் அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததாகும். 1951இல் அங்கிருந்து முதல் ஹெர்குலிஸ் வண்டி வெளிவந்தது. வண்டிகளுக்கு வேண்டிய எஃகுக் குழாய்களை இந்நாட்டிலேயே ஆக்கும்பொருட்டு 1955இல் ஆவடியில் டியூப் பிராடக்ட்ஸ் ஆலையும் எழுந்தது. மிதிவண்டித் தொழிலின் உயிர் குழாய்த் தொழிலே என்பதற்கு இவ்வரலாறு ஒரு சான்று.

குழாய் ஏன்? கட்டியான கம்பியைக் காட்டிலும் உள்ளே வெறுமையான குழாய், அதே எடையில் மிகுந்த விறைப்பு உடையது. மூங்கிலைக் கண்டார்க்கு இது புதிதன்று. சுவரின் தடிப்பை மாற்றாமல் குழாயின் விட்டத்தை இருமடங்காக்கினால் எடை இருமடங்காகும். வளையாமல் நிற்கும் திறனோ எட்டு மடங்காகும். ஆகலின் விட்டத்தைப் பெருக்கிச் சுவரை மெல்லிதாக்கினால் எடை குறைந்தும் விறைப்பு குறையாத சட்டம் கிடைக்கும். ஆனால் சுவர் அளவிறந்து மெலிந்தால் சிறு மோதலிலும் தகரக் குவளைபோல் நசுங்கும். குழாயின் இரு முனைகளிலும், அதாவது பற்றுவைத்துச் சேர்க்கும் இடங்களில், விசை மிகுதி, இடைப்பகுதியில் குறைவு. இதனைக் கண்டு, முனை தடித்தும் இடை மெலிந்தும் உள்ள குழாயைச் செய்யும் முறைக்கு ஆல்பிரட் ரெனால்ட்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1897இல் உரிமை பெற்றார். 1935இல் அந்நிறுவனம் வெளியிட்ட 531 என்னும் எஃகுக் குழாய் பல்லாண்டு காலம் பந்தய வண்டிகளுக்கு அணியாக விளங்கிற்று.

எஃகு நீரினும் 7.8 மடங்கு கனமுடையது, டைட்டேனியம் 4.5 மடங்கு, அலுமினியம் 2.7 மடங்கு, கரியிழைக் கலவை ஏறத்தாழ 1.6 மடங்கு. இவ்வெண்களை மட்டும் கண்டு, எஃகைத் தள்ளி அலுமினியத்தைக் கொண்டால் எடை மூன்றில் ஒரு பங்காகும் என்று எண்ணுதல் பிழை. அலுமினியத்தின் விறைப்பும் எஃகினது விறைப்பில் மூன்றில் ஒரு பங்கே. அதனால்தான் அலுமினியச் சட்டத்தின் குழாய்கள் பருத்துத் தோன்றுகின்றன. மேலும், அளவிற்குட்பட்ட விசையை எஃகு எத்துணை முறையும் தாங்கும். அலுமினியமோ சிறு விசையாலும் நாளடைவில் களைப்புறும். கரியிழை மிக இலேசானது, ஆயினும் கூரிய அடிபட்டால் வெளியே தெரியாமல் உள்ளே பிளவுபடக்கூடும். ஒவ்வொன்றிற்கும் ஒரு குணமும் ஒரு குற்றமும் உண்டென்க.

இப்பொழுது தலையாய வினாவிற்கு வருவோம்: எடை குறைந்தால் வேகம் எவ்வளவு மிகும்? ஒருவர் 60 கிலோ எடையுள்ளவர் எனக் கொள்வோம். அவர் 20 கிலோ வண்டியில் ஏறினால் மொத்தம் 80 கிலோ. 9 கிலோ வண்டியில் ஏறினால் 69 கிலோ. ஏற்காட்டு மலைச்சாலை போன்ற ஏற்றத்தில் முயற்சியின் பெரும்பகுதி பளுவை மேலே தூக்குவதற்கே செல்லும். ஆகவே முயற்சி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறையும். ஒன்றரை மணி நேரத்தில் ஏறுபவர் அதே உழைப்பில் பன்னிரண்டு நிமிடம் முன்னதாக உச்சியை அடைவார். இது சிறிய ஊதியமன்று.

ஆனால் செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலையைக் கருதுவோம். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவு. திருக்கழுக்குன்றத்து மலை உயர்ந்து நிற்பினும் சாலை அதன் அடிவாரத்தைச் சுற்றியே செல்கின்றது. மாமல்லபுரத்திலிருந்து கோவளம், முட்டுக்காடு வழியாகச் சென்னைக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையோ இன்னும் சமமானது. சமநிலத்தில் பளுவைத் தூக்கும் வேலை இல்லை. டயர் தரையில் உருளும்போது எழும் தடை மட்டுமே எடையைப் பொறுத்தது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர்க்கு அதனினும் பெரிய தடை காற்று. எனவே கணக்கிட்டுப் பார்த்தால், ஒன்றரை மணி நேரப் பயணமாகிய இந்த 30 கிலோமீட்டரில் 11 கிலோ குறைந்த வண்டி ஈட்டித் தருவது ஏறத்தாழ இரண்டு நிமிடமே! மலையில் பன்னிரண்டு, கடற்கரையில் இரண்டு. பெரும்பொருள் செலவிட்டு இலேசான வண்டி வாங்கக் கருதுவோர் இவ்விரண்டு எண்களையும் நெஞ்சிற் பதித்துக்கொள்வது நன்று.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்கின்றது. மணிக்கு 25 கிலோமீட்டர் செல்பவர்க்கு எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், அவர் மேனியில் மோதுவது 40 கிலோமீட்டர் வேகக் காற்று. தடை இரண்டரை மடங்கிற்கு மேலாகின்றது. பிற்பகலில் கடற்காற்று எழுந்தபின் அச்சாலையில் வண்டி செலுத்தினோர் இதனை நூல்வழி அறிய வேண்டுவதில்லை. கைகளை மடக்கி, முதுகைத் தாழ்த்தி, காற்றுக்கு இடம் கொடாமல் அமர்தலும், கடற்காற்று எழுமுன் விடியற்காலையில் புறப்படுதலும் காசு செலவின்றி வேகம் தரும் வழிகளாம்.

எனினும் எடையைக் குறைத்தல் பயனற்றது என்று கொள்ளுதல் கூடாது. புகைவண்டி நிலையப் படிகளில் வண்டியைத் தூக்குபவர்க்கும், விடுதியின் மாடிக்கு ஏற்றுபவர்க்கும், நின்று நின்று புறப்படும் நகரச் சாலையில் செல்பவர்க்கும் ஒவ்வொரு கிலோவும் பொருட்படுத்தத் தக்கதே. ஆகவே குறைக்கும் முறையை வரிசையாகக் கூறுவோம்.

முதலாவது, வேண்டாதவற்றை நீக்குதல். துருவேறிய பழைய கூடை, பயன்படாத டைனமோ, இரண்டாம் பூட்டு, பையில் நாள்தோறும் சுமந்து திரியும் திறவாத நூல்கள் ஆகியவை ஓரிரண்டு கிலோவாவது இருக்கும். இவற்றை நீக்குதற்குச் செலவு யாதுமில்லை.

இரண்டாவது, சக்கரம். கட்டைவண்டிச் சக்கரத்தில் குடம், ஆரக்கால், வட்டை என்று வழங்கும் உறுப்புகளே மிதிவண்டிச் சக்கரத்திலும் உள்ளன. வட்டையிலும் டயரிலும் உள்ள பளு, வண்டியோடு முன்செல்வதுமன்றிச் சுழலவும் வேண்டியிருப்பதால், புறப்படும்போதும் வேகங்கூட்டும்போதும் இருமடங்கு பளுவாக நடந்துகொள்கின்றது. சட்டத்தில் ஒரு கிலோ குறைப்பதினும் வட்டையில் ஒரு கிலோ குறைப்பது புறப்பாட்டை எளிதாக்கும். நாட்டு வண்டியின் தடித்த டயர் முக்கால் கிலோ அளவினது. பந்தய டயரோ கால் கிலோவினும் சிறிதே மிகும். எஃகு வட்டைக்கு மாற்றாக அலுமினிய வட்டையைப் பூட்டினால் எடை குறைவதோடு வேறொரு நன்மையும் உண்டு. பளபளக்கும் முலாம் பூசிய எஃகு வட்டை மழையில் நனைந்தால் பிரேக்குக் கட்டை வழுக்கும். அலுமினிய வட்டையில் அது நன்கு பற்றும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடற்கரைச் சாலையில் செல்வார்க்கு இஃது உயிர்காக்கும் வேற்றுமை. ஆனால் ஒன்று: கம்பிப் பிரேக்கு உள்ள பழைய வண்டிகளில் பிரேக்குக் கட்டை வட்டையின் உட்புறத்தைப் பற்றுகின்றது. வட்டையை மாற்றினால் பக்கவாட்டில் பற்றும் பிரேக்கையும் சேர்த்தே பூட்டுதல் வேண்டும்.

மூன்றாவது, மிதிக்கோல், கைப்பிடி, இருக்கைத் தண்டு ஆகியவற்றை எஃகினின்று அலுமினியத்திற்கு மாற்றுதல். இவை வண்டியின் அளவோடு பொருந்துகின்றனவா என்று அறிந்த தொழிலாளரிடம் கேட்டே வாங்குதல் வேண்டும். கடற்கரையில் வாழ்வோர்க்கு இன்னொரு எச்சரிக்கை: உப்புக் காற்றில் எஃகும் அலுமினியமும் ஒட்டியிருந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு, இருக்கைத் தண்டு சட்டத்தினுள் இறுகிப்போகும். கரியிழையோடு சேர்ந்த அலுமினியத்திற்கும் இக்கேடு உண்டு. ஆகவே பூட்டும்போது மசகு தடவுதலும், கடற்கரைப் பயணத்தின்பின் நன்னீரால் கழுவித் துடைத்தலும் இன்றியமையாதன.

நான்காவதே சட்டம். செலவு மிகுந்ததும் இதுவே. ஆதலின் இறுதியில் வைத்தோம். மற்றவற்றையெல்லாம் மாற்றும் செலவைக் கூட்டிப் பார்த்து, அது புதிய வண்டியின் விலையை நெருங்குமாயின் பழையதை அவ்வாறே காத்து, புதிய வண்டிக்குப் பணம் சேர்த்தல் அறிவுடைமை.

குறைத்தலாகாதவற்றையும் கூறல் வேண்டும். 1972ஆம் ஆண்டில் மெக்சிகோ நகரில் எடி மெர்க்ஸ் என்னும் பெல்ஜிய வீரர் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிப் புகழெய்தினார். அவர் வண்டியின் எடை ஆறு கிலோவிற்கும் குறைவு. எடையைக் குறைக்க அதன் சங்கிலியையும் துளைத்திருந்தனர். ஆயின் அவ்வண்டி வழவழப்பான பந்தயத் தடத்தில், தேர்ந்த கைவினைஞர் அமைக்க, ஒருமணி நேரம் ஓடுதற்கென்றே பிறந்தது. அதனைக் கண்டு நம் இளைஞர் சிலர் மிதிக்கோலைத் துளைத்தலும், முன் பிரேக்கைக் கழற்றுதலும், விளக்கையும் மணியையும் எறிந்துவிடுதலும் பேதைமையாம். பிரேக்கு இரண்டும் சேர்ந்து ஒரு கிலோவும் இராது. அதனை நீக்கி ஈட்டும் நொடிகள் எத்தனை? நீக்கியதால் இழக்கக் கூடியது யாது? லாரிகளும் பேருந்துகளும் விரைந்து செல்லும் நம் நெடுஞ்சாலைகளில் இவ்வினாவிற்கு விடை கூறவேண்டுவதில்லை. தண்ணீர்க் குப்பியும் அவ்வாறே. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடைதான். ஆயினும் சித்திரை வெயிலில் அதனை விட்டுச் செல்பவர் இலேசாகச் செல்பவர் அல்லர், இடர்ப்படச் செல்பவரே.

நம்முள் பலர் மேனிலைப் பள்ளியிற் பயின்றபோது அரசினர் விலையின்றி வழங்கிய மிதிவண்டியிலேயே இன்றும் ஏறி வருகின்றோம். பளபளக்கும் பந்தய வண்டியின் அருகில் அதனை நிறுத்த நாணுவாரும் உண்டு. அந்நாணம் வேண்டாம். டயரில் காற்றை நிறைத்து, சங்கிலிக்கு எண்ணெயிட்டு, பிரேக்கைச் சீர்செய்து, வேண்டாச் சுமையை நீக்கினால், சமநிலத்தில் அவ்வண்டி பின்தங்குவது சில நிமிடங்களே என்பதை மேலே கண்டோம். காற்றிறங்கிய டயரோடு ஓடும் விலையுயர்ந்த வண்டியினும் நன்கு பேணிய எளிய வண்டி மேலானது.

மாமல்லபுரத்தில் பல்லவர் குடைந்த ஒற்றைக்கல் இரதங்கள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக அசையாமல் நிற்கின்றன. அசையாமையே அவற்றிற்கு அழகு. நம் வண்டிகளோ அசைதற்கே அமைந்தவை. பந்தயத்தில் ஓடுவோர் பாரமான யாவற்றையும் தள்ளிவிடல் வேண்டும் என்று எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம் அறிவுறுத்துகின்றது. தள்ளவேண்டிய பாரம் எது, தாங்கவேண்டிய உறுப்பு எது என்று பகுத்தறிதலே மிதிவண்டிக் கலையின் முதற்பாடம் என்க.