கற்றாழைக்குத் தொட்டி மாற்றுதல்

திண்டுக்கல் நகரத்துத் தெருக்களில் நடந்து செல்லும்போது, சில வீடுகளின் நிலைவாயிலுக்கு மேலே சோற்றுக் கற்றாழை ஒன்று தலைகீழாகத் தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். கண்ணேறு கழியும் என்பது அதைக் கட்டியவர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைப் பற்றி நான் இன்று பேச வரவில்லை. செடியைப் பற்றியே பேச வந்தேன். அதற்கு மண் இல்லை, நீர் இல்லை, வேர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆயினும் அது மாதக்கணக்கில் பசுமை குன்றாமல் இருக்கிறது. அதே கற்றாழையை அன்போடு தொட்டியில் நட்டு நாள்தோறும் நீர் ஊற்றினால், சில வாரங்களில் அழுகி விழுகிறது. இஃது ஏன்?

இக்கேள்விக்கு விடையை நான் ஒரு செடியைக் கொன்ற பின்னரே அறிந்துகொண்டேன். என் அப்பத்தா தம் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த கற்றாழை ஒன்று எங்கள் வீட்டுச் சன்னலில், பழைய தகர டப்பா ஒன்றில் இருந்தது. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், அவர் உறவினர் வீட்டுக்கு ஒரு மாதம் சென்றிருந்தார். அவர் திரும்பும்போது வியக்கவேண்டும் என எண்ணி, அச்செடியைப் பிடுங்கிப் பெரிய தொட்டி ஒன்றில் வைத்தேன். குளத்துக் கரம்பை மண்ணை நிரப்பினேன். அன்றே நிறைய நீர் ஊற்றினேன், மறுநாளும் ஊற்றினேன். இரண்டு வாரத்தில் அடித்தண்டு பழுப்பு நிறமாகிக் குழைந்தது. தொட்டபோது மடல்கள் கையோடு வந்தன. ஊரிலிருந்து திரும்பிய அப்பத்தா அதைப் பார்த்துவிட்டு, “கட்டுச்சோறு கையோட வச்சிருக்கவனைப் பிடிச்சுப் பந்தியில உக்கார வச்சிருக்கியேய்யா!” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் சொன்ன அச்சொல்லில் ஒரு தாவரவியல் பாடமே அடங்கியிருந்தது. மேற்கே உயர்ந்து நிற்கும் மலைத்தொடர் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால், திண்டுக்கல் சமவெளிக்கு ஐப்பசி, கார்த்திகை மாத மழையே முதன்மையானது. ஆண்டின் எஞ்சிய நாட்களில் பெரும்பாலும் வெயில்தான். ஆகவே இங்கே வேலியோரங்களில் பிரண்டையும் கள்ளியும் செழித்து நிற்பதில் வியப்பில்லை. இவையெல்லாம் மழை பெய்யும் சில நாட்களில் விரைந்து நீரைக் குடித்து, உடலிலே சேர்த்துவைத்து, நெடுநாள் சிக்கனமாகச் செலவிடும் இனங்கள். சோற்றுக் கற்றாழையோ அரேபிய நாட்டு வறண்ட நிலத்தைத் தாயகமாகக் கொண்டது. அதன் மடலுக்குள் இருக்கும் வழவழப்பான சோறே அதன் நீர்ச் சேமிப்பு.

சேமிப்பு மட்டும் போதாது; செலவிலும் கட்டுப்பாடு வேண்டும் அன்றோ? அதைப் பற்றிய பழைய குறிப்பு ஒன்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்து, 1819இல் சென்னையில் மறைந்த பெஞ்சமின் ஹைன் என்னும் தாவரவியலார், ரணகள்ளியின் இலையை ஒரே நாளில் பலமுறை சுவைத்துப் பார்த்தார். இலையை ஒடித்து வைத்தால் அதன் ஓரத்தில் கன்றுகள் முளைக்குமே, பள்ளிப் பிள்ளைகள் புத்தகத்துக்குள் வைத்து மகிழ்வார்களே, அதே செடிதான். அதிகாலையில் இலை புளித்தது, நண்பகலில் சுவையற்றிருந்தது, மாலையில் சற்றே கசந்தது. இதை அவர் ஒரு கடிதத்தில் எழுத, 1815இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அது அச்சாயிற்று.

இப்புளிப்பின் காரணத்தைப் பிற்கால அறிஞர்கள் விளக்கினர். சாதாரணச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை ஏற்கின்றன. அவ்வழியே நீர் ஆவியாகவும் வெளியேறுகிறது. ரணகள்ளியும் கற்றாழையும் வெயில் நேரத்தில் துளைகளை மூடிக்கொள்கின்றன. குளிர்ந்த இரவில் திறந்து, வாயுவை ஏற்று, மாலிக் அமிலமாக மாற்றி வைக்கின்றன. காலைப் புளிப்பு அந்த அமிலத்தால் வந்தது. பகலில் அதையே எடுத்து, சூரிய ஒளியின் துணையால் உணவாக்குகின்றன. இதை நீங்களும் சோதிக்கலாம். ஆனால் இலையைச் சுவைக்க வேண்டா. ரணகள்ளியில் இதயத்தைத் தாக்கும் நச்சுப் பொருள்கள் உள்ளன. காலையிலும் மாலையிலும் இலைச்சாற்றை எடுத்து, அமில அளவைக் காட்டும் நிறத்தாளில் தடவிப் பாருங்கள்.

இவ்வளவு சிக்கனமான செடிக்குத் தொட்டி மாற்றும்போது நாம் நினைவில் கொள்ளவேண்டியது ஒன்றே: முதலில் காயம் உலரவேண்டும், பிறகே நீர். செடியைப் பெயர்க்கும்போது வேர்கள் அறுபடுகின்றன. உடனே நீர் ஊற்றினால், அப்புண்களின் வழியே அழுகல் நுண்ணுயிர்கள் புகுகின்றன. மண் நெடுநேரம் ஈரமாக இருந்தால் அதன் இடைவெளிகளில் காற்று இராது. வேர் மூச்சுத் திணறும். நான் ஒரே நாளில் இவ்விரு தீங்குகளையும் செய்துவிட்டேன்.

இனி முறையைக் கூறுகிறேன். தொட்டியின் அடித்துளையில் வேர் எட்டிப் பார்த்தாலோ, பக்கக்கன்றுகள் நெருக்கினாலோ, உப்பு நீரால் மண்மேல் வெள்ளைப் படலம் படிந்தாலோ, தொட்டி மாற்றவேண்டும். மழை ஓய்ந்து, கடுங்கோடை பிறவாத தை, மாசி மாதங்கள் ஏற்றவை. ஒரு வாரம் முன்பே நீரை நிறுத்துங்கள். மடலைப் பிடித்து இழுக்காமல், தொட்டியைச் சாய்த்துத் தட்டிச் செடியை எடுங்கள். பழைய மண்ணை உதிர்த்து, கறுத்துக் குழைந்த வேர்களைத் தூய கத்தியால் நீக்குங்கள். பின்னர் மூன்று நான்கு நாட்கள் நிழலில் கிடத்துங்கள். வெட்டுவாயில் பொருக்குத் தட்டும். அதுவே செடி தனக்குத்தானே இட்டுக்கொள்ளும் கட்டு.

புதுத் தொட்டி பழையதைவிட இரண்டு விரல் அகலம் கூடுதலாக இருந்தால் போதும். மண்தொட்டி சிறந்தது, அதன் சுவரும் ஈரத்தை வெளிவிடும். அடித்துளை இன்றியமையாதது. அதன்மேல் ஓர் ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து வைத்தால் மண் ஒழுகாது. அடியில் கனமாகக் கல் பரப்பினால் நீர் நன்கு வடியும் என்பர், அது சரியன்று. நுண்மண்ணில் நிற்கும் நீர் கல்லடுக்கின் விளிம்பிலேயே தங்கி, வேருக்கு அருகில் ஈரத்தை உயர்த்திவிடும். மண் முழுவதுமே வடியும் தன்மை பெறவேண்டும். ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய எரு, இரண்டு பங்கு பருமணல் அல்லது உடைத்த செங்கல் துண்டு என்பது நல்ல கலவை. கரம்பை மண் வயலுக்கு வளம் தரும். கற்றாழைத் தொட்டிக்கு வேண்டா.

செடி முன்பு இருந்த ஆழத்திலேயே, மடல்கள் மண்ணில் புதையாமல் நடுங்கள். மேலும் ஒரு வாரம் நீர் காட்டாதீர்கள். பின்னர் அடித்துளை வழியே வடியும்வரை ஒருமுறை ஊற்றுங்கள். அடுத்த நீர், இரண்டு விரல் ஆழத்துக்கு மண் உலர்ந்த பிறகுதான். உடனே உச்சிவெயிலில் வைத்தால் மடல் சிவந்து வாடும். காலை வெயிலில் வைத்துச் சிறிது சிறிதாகப் பழக்குங்கள்.

என் அப்பத்தா இவற்றுள் எதையும் ஏட்டில் படித்தவர் அல்லர். எங்கள் நிலைவாயிலில் தொங்கியதும் அந்தப் பிறந்தவீட்டுச் செடியின் கன்றுதான். அதை அவிழ்த்து, காய்ந்த வேர்களைக் கிள்ளி, உலர்ந்த மணற்பாங்கான மண்ணில் வைத்தார். நான் செம்போடு சென்றபோது கையை மறித்தார். ஒரு வாரம் கழித்து, “இப்ப ஊத்து” என்றார். சில வாரங்களில் நடுவிலிருந்து புதுக்குருத்து ஒன்று எழுந்தது. அதன் வழிவந்த கன்றுகள் இன்றும் எங்கள் சன்னலில் உள்ளன. கன்று கேட்டு வருவோருக்குக் கொடுக்கும்போதெல்லாம், அவர்கள் கேளாமலே ஒரு சொல்லையும் சேர்த்துக் கொடுக்கிறேன்: ஒரு வாரம் பொறுங்கள்.