செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றவள்

90 அடி ரோடு – 14

போன வாரம் அரோரா தியேட்டரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு மாட்டுங்கா வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "சினிமாவை விட்டால் தாராவிப் பிள்ளைகளுக்கு வேறு என்னதான் இருந்தது?"

மாகிம் மேளா இருந்தது. டிசம்பரில் மக்தூம் பாபா தர்காவில் உரூஸ் நடக்கும் பத்து நாளும் மாகிம் கடற்கரையில் ராட்டினம் போடுவார்கள். தாராவியிலிருந்து நடந்தே போய்விடலாம். நானும் அண்ணனும் தொட்டி ராட்டினத்தில் ஏறிக்கொள்வோம். மேலே போகும்போது தர்காவின் விளக்குகள் தெரியும், கீழே வரும்போது அம்மா தெரிவாள். ஒரு கையில் என் செருப்பு, இன்னொரு கையில் அண்ணன் செருப்பு. தொட்டி ஆடும்போது செருப்பு கழன்று கடலோர மணலில் விழுந்தால் அப்புறம் அதை யார் தேடுவது? அதனால் அம்மா கீழே நிற்பாள். அவளும் ஏறுகிறாளா என்று நாங்கள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது.

1989-ல் கோராயில் எஸ்ஸெல் வேர்ல்டு கேளிக்கைப் பூங்கா வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அதன் விளம்பரப் பாட்டைக் கேட்காத பம்பாய்க் குழந்தை கிடையாது. வீட்டுக்கே திரும்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பாட்டு அது. மலாடில் இறங்கி, பஸ் பிடித்து மார்வே போய், அங்கிருந்து படகில் போக வேண்டும் என்று வகுப்பில் ஒருத்தி சொன்னாள். படகு என்ற சொல்லே எனக்குப் போதுமானதாக இருந்தது. தினமும் அப்பாவை அரித்தெடுத்தேன். அப்பா தோல் பட்டறையில் பெல்ட் தைத்துக்கொண்டிருந்தார். "வர்ற தீபாவளிக்குப் போவோம்ட்டி" என்பார். தீபாவளிகள் வந்துகொண்டே இருந்தன. பன்னிரண்டு வயதில் ஒரு தீபாவளியன்று, அவர் வாங்கிக் கொடுத்த பாவாடையை உடுத்தாமல், பகல் முழுக்க அவரிடம் பேசாமல் இருந்தேன். அதற்கப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

இன்றைக்கு எஸ்ஸெல் வேர்ல்டின் ராட்டினங்கள் ஓய்ந்துவிட்டன. அப்பாவும் இல்லை.

எனவே 2024 நவம்பரில், ஒரு வேலைநாளில், அம்மாவைக் கோபோலிக்கு அழைத்துக்கொண்டு போனேன். அவளுக்கு 68, எனக்கு 44. செம்பூரிலிருந்து வாஷி பாலம், பன்வேல், அதற்கப்புறம் புனே விரைவுச் சாலை. ஆட்லாப்ஸ் நிறுவனத்தின் மன்மோகன் ஷெட்டி 2013-ல் திறந்த இமாஜிகா கேளிக்கைப் பூங்கா அங்கேதான் இருக்கிறது. இருவருமே இப்படி ஒரு பூங்காவுக்குள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. வாசலில் சின்னப் பிள்ளைகளை ஒரு கோட்டருகே நிறுத்தி உயரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் போய் அந்தக் கோட்டருகே நிமிர்ந்து நின்றாள். "உனக்கு வேண்டாம்மா" என்று கையைப் பிடித்து அழைத்து வர வேண்டியதாயிற்று.

வால்ட் டிஸ்னிக்கு இப்படி ஒரு பூங்கா கட்டும் யோசனை எங்கே பிறந்தது என்பதை அவரே சொல்லியிருக்கிறார். லாஸ் ஏஞ்சலஸ் கிரிஃபித் பூங்காவில் அவருடைய இரண்டு மகள்களும் குதிரை ராட்டினத்தில் சுற்ற, அவர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாராம். பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் வேண்டும் என்று அப்போது தோன்றியிருக்கிறது. 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்ட் திறந்தது. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பெஞ்சு மறக்கவில்லை. நம் ஊரில் அந்தப் பெஞ்சில் இருப்பது எப்போதும் அம்மாக்கள்தான். தோட்டங்களில் பெரியவள் ஒருத்தி ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டால் வாட்ச்மேன் விசில் அடிக்கிறார். விசில் அடிக்க ஆளில்லாத இடத்துக்கு ஒரு நாளாவது அவளைக் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஆனால் முதலில் ஏறியது நான்தான். நைட்ரோ என்கிற ரோலர் கோஸ்டர். காலுக்கடியில் தரை கிடையாது, கால் இரண்டும் அந்தரத்தில் தொங்கும். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அம்மா கையை நீட்டிவிட்டாள். "எனக்கு பிரஷர் இருக்கு, இதெல்லாம் ஆவாது. நீ போ. நான் இங்கன நின்னு செருப்பப் பாத்துக்கிடுதேன்."

தோள்மேல் இறங்கிய கம்பியை ஒரு பையன் இழுத்துப் பார்த்தான். பின்னாலேயே இன்னொருவன் வந்து திரும்பவும் இழுத்துப் பார்த்தான். வண்டி நகர்ந்து, பிறகு ஏறத் தொடங்கியது. கோயம்புத்தூரில் ஃபிட்டராக இருக்கும் அண்ணன், முந்தின நாள் ராத்திரி போனில் பாடமே எடுத்திருந்தான். உச்சி வரைக்கும்தான் சங்கிலி இழுக்கும், அதற்கப்புறம் மோட்டார் கிடையாது, பூமி இழுப்பதுதான். அதனால்தான் முதல் மேடு மற்றதைவிட உயரமாக இருக்கும். சக்கரம் தண்டவாளத்தின் மேலே மட்டும் இல்லை, பக்கத்திலும் அடியிலும் இருக்கிறது. அந்த அடிச் சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் 1919-ல் காப்புரிமை வாங்கினார். தலைகீழாகப் போனாலும் வண்டி தண்டவாளத்தை விடாது. "அதனால பயப்படாத பிள்ள" என்று முடித்தான். எல்லாம் நினைவில் இருந்தது. உச்சியில் இழுவை நின்று ஒரு நொடி எல்லாம் அமைதியானபோது சகலமும் மறந்துபோயிற்று. "எம்மா" என்று கத்தினேன். சாமியைக் கூப்பிடவில்லை, நிஜமாகவே கீழே நின்ற அவளைத்தான் கூப்பிட்டேன்.

இறங்கி வந்தபோது பூமி நிலையாக இல்லை. அம்மா என் செருப்பை வரிசையாகத் தரையில் வைத்து, ஒவ்வொரு காலாக மாட்டிவிட்டாள்.

அடுத்தது ராஜாசாரஸ் படகு. டைனோசர்கள் நடுவே ஆற்றில் போய்க் கடைசியில் சரிவில் விழும் சவாரி. ராஜாசாரஸ் கற்பனை மிருகம் இல்லை. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் கிடைத்த எலும்புகளை வைத்து 2003-ல் அறிவியல் உலகம் பெயர் சூட்டிய நம் நாட்டு டைனோசர். அம்மாவுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. படகைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பிறகு முந்தானையை எடுத்து இடுப்பில் இறுக்கிச் சொருகினாள். தாராவியில் விடிகாலை மூன்று மணிக்கு இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றும் முன் அப்படித்தான் சொருகுவாள்.

வரிசையில் நிற்கும்போது, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"நானும் உங்க அப்பாவும் மார்வே வரைக்கும் போயிருக்கோம்ட்டி."

"எப்போ?"

"நீ மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டிருந்த வருசந்தான். என்ன ரேட்டுன்னு கேட்டுட்டு வருவோம்னாரு. நாலு பேருக்குக் கணக்குப் போட்டாரு. ரெண்டு தடவ போட்டாரு. அப்புறம் படகு போறதையும் வாறதையும் பாத்துக்கிட்டு உக்காந்திருந்துட்டு, ஆளுக்கொரு வடாபாவ் தின்னுட்டு வந்துட்டோம். பிள்ளைகள்ட்ட சொல்லாதன்னுட்டாரு."

எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. காலையில் டிக்கெட் எடுக்கும்போது நானும் அதே கணக்கைத்தான் போட்டிருந்தேன்: இரண்டு பேருக்கு இவ்வளவு, அண்ணன் குடும்பமும் வந்தால் எவ்வளவு. இன்றைக்கும் தாராவியில் பட்டறைக்குப் போகிற ஓர் அப்பா அந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, "வர்ற தீபாவளிக்கு" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அந்தப் பாவாடையை நான் உடுத்தியிருக்க வேண்டும்.

படகில் அம்மா முன்வரிசையில்தான் உட்காருவேன் என்றாள். சரிவின் விளிம்புக்கு வரும்வரை வாய் பேசவில்லை. விழுந்தபோது அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை என் வாழ்நாளில் அதற்கு முன் கேட்டதில்லை. பயம் இல்லை அது, ஒரு சிறுமியின் கூவல். தண்ணீர் எழுந்து எங்கள் இருவர் மேலும் விழுந்தது. அவளுடைய ஒரு செருப்பு கழன்று படகின் அடித் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. எட்டிப் பிடித்தேன்.

கரையேறியதும் முந்தானையைப் பிழிந்தாள். படகை நிறுத்தும் பையனிடம் போய், "பேட்டா, ஃபிர் ஸே?" என்று விரலால் வட்டம் போட்டுக் காட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே வரிசையின் வாலைக் காட்டினான்.

"நீயும் வாறியாட்டி?"

எனக்கு நைட்ரோவின் கிறுகிறுப்பு இன்னும் விடவில்லை. இல்லை என்று தலையாட்டினேன். அவள் ஈரச் செருப்பு இரண்டையும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு ஓட்டமும் நடையுமாக வரிசைக்குப் போனாள். கம்பி வேலிக்கு வெளியே, சரிவு நன்றாகத் தெரியும் இடமாகப் பார்த்து நான் நின்றுகொண்டேன்.

(தொடரும்)