புகையிரதப் பைக்கடிகாரங்களின் உட்பொறி வேறுபாடுகள்

காலத்தை அளத்தற்கு மனிதன் இயற்றிய கருவிகளுள், புகையிரதச் சேவையாளர் கையாண்ட பைக்கடிகாரத்துக்குத் தனியிடம் உண்டு. கொழும்பிலிருந்து கண்டி நோக்கிச் செல்லும் பாதை களனி கங்கையைக் கடந்து பேலியகொடைக்கு அணித்தாகச் செல்கின்றது. 1864ஆம் ஆண்டு டிசம்பரில் இலங்கையின் முதற் புகையிரதம் அம்பேபுசை நோக்கி ஓடியது இவ்வழியிலேயே. 1905இல் வடபாதை காங்கேசன்துறையை எட்டியது. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் வண்டிகள் குறித்த நிலையத்திலேயே ஒன்றையொன்று கடத்தல் வேண்டும். ஆதலின் நிமிடந் தவறாத கடிகாரம் சேவையாளருக்கு இன்றியமையாததாயிற்று.

அத்தகைய கடிகாரம் ஒன்று முதுசொமாக ஒருவர் கைக்கு வருமாயின், இரு வினாக்கள் எழும். அஃது எக்காலத்தில் ஆக்கப்பட்டது? அதன் உறுப்புக்கள் யாவும் உடன் பிறந்தனவா, அன்றிப் பின்னர் வந்து புகுந்தனவா? முகப்பிலுள்ள பெயரைப் படித்தறிவது மட்டும் இவற்றுக்கு விடையாகாது.

இவ்வாராய்ச்சிக்குரிய சான்றுகள் செறிந்து கிடப்பது அமெரிக்கக் கடிகாரங்களிலேயாம். 1891ஆம் ஆண்டு ஏப்பிரல் 18ஆந் தேதி ஒகாயோ மாநிலத்துக் கிப்ரன் என்னுமிடத்தில் இரு வண்டிகள் மோதி உயிர்கள் பல மாண்டன. சாரதி ஒருவரின் கடிகாரம் நான்கு நிமிடம் நின்று மீண்டும் ஓடியதே காரணம் என்பர். அதன்பின் வெப் போல் என்னும் கடிகார வணிகர் புகையிரதக் கடிகாரங்களைப் பரிசோதிக்கும் முறையை வகுத்தார். காலப்போக்கில் விதிகள் உருப்பெற்றன: மூடியற்ற முகப்பு, 16ஆம் அல்லது 18ஆம் அளவு, குறைந்தது 17 மணிக்கற்கள், ஐந்து நிலைகளிற் சரிபார்க்கப்பட்ட ஓட்டம், வாரத்துக்கு 30 விநாடிக்கு மேற்படாத பிழை. 16ஆம் அளவு என்பது உட்பொறித் தட்டின் விட்டம் ஏறக்குறைய 43 மில்லிமீற்றர் என்பதாம். எல்ஜின், வால்தம், ஹமில்ற்றன் முதலிய தொழிலகங்கள் இவ்விதிகளுக்கு அமைந்த கடிகாரங்களைப் பெருந்தொகையாக ஆக்கின.

ஒரு பெயர் நெடுங்காலம் வழங்கும்பொழுது அப்பெயருக்குரிய பொருள் மாறாதிருப்பதில்லை. 21 மணிக்கற்கள் கொண்ட ஹமில்ற்றன் 992 இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இது 1903 முதல் 1940 வரை ஆக்கப்பட்டது. அதன்பின் வந்த 992பி 1969 வரை நிலைத்தது. இவ்விரண்டையும் பிரித்தறிதல் எளிது. 992பியின் தொடரிலக்கத்துக்கு முன் ‘சி’ என்னும் ஆங்கில எழுத்து நிற்கும். ஆயின் பழைய 992 என்னும் ஒரு பெயருள்ளேயே தட்டின் அலங்கார வரிகள், எழுத்தின் வடிவு, ஓட்டந் திருத்தும் நுண்ணமைப்பு ஆகியன காலந்தோறும் வேறுபடும். தொடரிலக்கங்கள் தொகுதி தொகுதியாக ஒதுக்கப்பட்டமையால், இலக்கத்தால் முந்தியது ஆக்கத்தாலும் முந்தியதென்று துணிதல் கூடாது.

வேறுபாடுகளுட் சிறந்தது மயிர்வில்லைப் பற்றியது. பழைய கடிகாரங்களில் உருக்காலான நீலநிற மயிர்வில் இருந்தது. வெப்பம் மிகின் அவ்வில் தளரும், கடிகாரம் பிந்தும். இதனை ஈடுசெய்தற்குச் சமன்சக்கரத்தின் வட்டையைப் புறத்தே பித்தளையும் அகத்தே உருக்குமாக இணைத்து, ஈரிடத்தில் வெட்டி விட்டனர். வெப்பத்தில் அவ்வட்டை உள்நோக்கி வளைந்து சக்கரத்தை விரையச் செய்யும். 1920ஆம் ஆண்டில் பௌதிகத்துக்கு நோபெற் பரிசு பெற்ற கில்லோம் என்பார் எலின்வார் என்னும் கலப்புலோகத்தைக் கண்டார். வெப்பத்தால் அதன் மீள்தன்மை பெரிதும் மாறுவதில்லை. 1930களில் ஹமில்ற்றன் இதனைக் கையாண்டபொழுது வெட்டுடைய வட்டை வேண்டாததாயிற்று. எனவே வெண்ணிற வில்லும் வெட்டில்லாச் சக்கரமும் ஓர் இணை. நீலவில்லும் வெட்டுடைச் சக்கரமும் மற்றோர் இணை. இவற்றை மாற்றிச் சேர்த்த கடிகாரம் அறையில் நன்றாக ஓடுவதுபோலத் தோன்றினும், வெயிலில் நேரந் தவறும். வேறுபாட்டை அறியாது செய்யும் திருத்தம் கெடுதலாக முடியும் என்பது இதனாற் பெறப்படும்.

உறை நம்பத்தகாத சான்று. அமெரிக்காவில் உட்பொறியும் உறையும் பெரும்பாலும் வெவ்வேறாகவே விற்கப்பட்டன. ஆதலின் உறையின் இலக்கம் உட்பொறியின் வயதைக் கூறாது. உறையின் உள்விளிம்பில் திருகாணித் தழும்புகள் இருவேறு இடங்களிற் காணப்படின், முன்னர் வேறோர் உட்பொறி அங்கிருந்தது எனக் கொள்ளலாம். பொறித்த எழுத்தும் மயக்கந் தரும். ‘சி.ஜி.ஆர்.’ என்பது இலங்கை அரசாங்கப் புகையிரதத்தின் பெயர்ச் சுருக்கம். தென்னாபிரிக்கக் கேப் நாட்டு அரசாங்கப் புகையிரதத்தின் சுருக்கமும் அதுவே. புகையிரத இயந்திரத்தின் உருவம் பொறித்த மலிவான கடிகாரங்களும் பல. அவற்றுட் பெரும்பாலன, மணிக்கற்களுக்குப் பதிலாக ஊசிகள் பொருத்திய ரொஸ்கொப் வகையின. மேற்கூறிய விதிகளுக்கு அமையாதன.

அங்ஙனமாயின், ஒரு கடிகாரத்திற் கண்ட வேறுபாடு தொழிலகத்தில் நேர்ந்ததா, திருத்துபவர் கையில் நேர்ந்ததா என்பதை எவ்வாறு துணிவது? தமிழ் மாணவர்க்கு இவ்வழி புதிதன்று. 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை முதலிய பெரியார், ஏடுகள் பலவற்றைத் தேடி ஒப்புநோக்கியே பாடபேதங்களை ஆராய்ந்தனர். ஓர் ஏட்டில் மட்டும் காணும் வேறுபாடு எழுதினோன் பிழையாகலாம். தொடர்பற்ற ஏடுகள் பலவற்றிற் காணும் வேறுபாடோ பழம் பாடமாகலாம். கடிகாரத்துக்கும் இதுவே முறை. அண்மை இலக்கங்களையுடைய பல கடிகாரங்களில் ஒரே வேறுபாடு காணப்படின், அது தொழிலகத்தின் செயல். ஒன்றில் மட்டும் காணப்படின், முதலிற் பிற்காலத் திருத்தத்தையே ஐயுறல் வேண்டும். பாலங்களின் கீழ்ப்புறத்தில் இலக்கம் பொறிக்கப்பட்டிருப்பின், அது மேலிலக்கத்தோடு ஒத்துள்ளதா என நோக்குதலும் பயன் தரும்.

ஆதலின் பழங்கடிகாரம் உடையோர் அதனை மினுக்குதற்கும் உறுப்புக்களை மாற்றுதற்கும் முந்துதல் கூடாது. தேர்ந்த திருத்துபவரைக் கொண்டு திறப்பித்து, இலக்கத்தையும் வில்லின் நிறத்தையும் சக்கரத்தின் வெட்டையும் தழும்புகளையும் உள்ளவாறே எழுதிவைத்தல் வேண்டும். மினுக்கி அழித்த தழும்பை மீட்டல் இயலாது. மூதாதையர் கைப்பட்ட பொருளைப் போற்றுதல் என்பது, அது கூறும் உண்மையைக் கேட்டறிந்து, கெடாது காத்தலேயாம்.