நினைவகப் பக்கத்தின் அனுமதி யார் கையில்?

விண்டோஸில் ஓடும் நிரலின் நினைவகம் 4,096 பைட் அளவுள்ள பக்கங்களாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. கூடங்குளம் அணுமின் நிலைய அலுவலகக் கணினியானாலும், தாடிக்கொம்பில் பட்டா நகல் எடுத்துத் தரும் கடைக் கணினியானாலும் கணக்கு இதுதான். படிக்கலாமா, எழுதலாமா, கட்டளையாக இயக்கலாமா என்ற மூன்று அனுமதிகள் பக்கந்தோறும் குறிக்கப்பட்டிருக்கும். மீறினால் பிராசஸரே தடுக்கும்; நிரல் ‘ஆக்சஸ் வயலேஷன்’ என்று சொல்லி நின்றுவிடும். தரவுப் பக்கங்களை இயக்கவிடாத ஏற்பாடு 2004-இல் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2-உடன் விண்டோஸுக்கு வந்தது.

இதை அரண் என்று நிறுவனங்கள் அழைப்பது பாதி உண்மைதான். ‘விர்ச்சுவல் புரொடெக்ட்’ என்ற ஒற்றை அழைப்பால் பொதுவாக எந்த நிரலும் தன் பக்கங்களின் அனுமதியைத் தானே மாற்றிக்கொள்ளலாம். அதே பயனரின் கணக்கில் ஓடும் இன்னொரு நிரலாலும் பெரும்பாலும் அதை மாற்ற முடியும். நிரல்களின் பிழைகளைத் தேட உதவும் டீபக்கர் என்ற கருவி இயங்குவதே இந்தச் சலுகையால்தான். நிரலை ஓரிடத்தில் நிறுத்த, கட்டளைப் பக்கத்தில் 204 என்ற மதிப்புள்ள ஒரு பைட்டை அது எழுதியாக வேண்டும். அந்தப் பக்கமோ எழுத அனுமதி இல்லாதது. அனுமதி கணநேரம் தளர்ந்து, பைட் எழுதப்பட்டதும் மீண்டும் இறுகுகிறது. வட்டிலுள்ள கோப்பு மாறுவதில்லை. மாறுவது அந்தப் பக்கத்தின் தனி நகல் மட்டுமே.

மால்வேர் எனப்படும் தீங்கு நிரலுக்கும் இதே வாசல் திறந்திருக்கிறது. கூடங்குளத்தில் 2019-இல் சிக்கிய டிடிராக் வகை மால்வேரை விவரித்த காஸ்பர்ஸ்கை நிறுவனம், ‘பிராசஸ் ஹாலோயிங்’ என்ற உத்தியை அதில் சுட்டிக்காட்டியது. விண்டோஸின் சொந்த நிரல் ஒன்றை உறைந்த நிலையில் தொடங்கி, உள்ளிருப்பதை அகற்றி, அங்கே மால்வேரை எழுதி, இயக்க அனுமதியும் கொடுத்து, நிரலை எழுப்பிவிடுவதே அந்த உத்தி. டாஸ்க் மேனேஜரில் தெரிவது பழைய, நம்பகமான பெயர். நிறுத்துவது, எழுதுவது, அனுமதியை மாற்றுவது, ஓடவிடுவது எல்லாமே டீபக்கர் செய்யும் வேலைகள்.

அந்த ஆண்டு அக்டோபர் 29 அன்று கூடங்குளம் நிலையம் வெளியிட்ட அறிக்கை, அதன் கட்டுப்பாட்டு அமைப்புகள் இணையத்தோடு சேராதவை என்றும் அவற்றின் மீது சைபர் தாக்குதல் சாத்தியமே இல்லை என்றும் சொன்னது. மறுநாள் இந்திய அணுமின் கழகம் மால்வேர் இருந்ததை ஒப்புக்கொண்டது: அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் செப்டம்பர் 4-ஆம் தேதியே தகவல் தந்துவிட்டது, பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த ஒரு கணினி. இரண்டு அறிக்கைகளும் வலையமைப்பின் வேலியைப் பற்றியே பேசின. அந்த ஒரு கணினியின் நினைவகத்தில் எது, எந்த அனுமதியோடு ஓடியது என்பதே மக்களுக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டிய செய்தி.

அதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது, அழகானதும்கூட. எக்ஸ்64டிபிஜி என்ற இலவச டீபக்கரில் ‘மெமரி மேப்’ பட்டியலைத் திறந்தால், ஒவ்வொரு பகுதிக்கும் இப்போதைய அனுமதி ஒரு பத்தியிலும், ஒதுக்கியபோது இருந்த அனுமதி அடுத்த பத்தியிலும் நிற்கும். படிக்கவும் எழுதவும் மட்டும் ஒதுக்கிய இடம் இப்போது இயங்கும் இடமாக இருந்தால் அங்கே சந்தேகம் விழ வேண்டும். கோப்பிலிருந்து ஏற்றப்பட்ட பகுதிக்கும் தனியாக ஒதுக்கிய பகுதிக்கும் வேறு வேறு குறி உண்டு. நிரலின் கட்டளைகள் இருக்க வேண்டிய முகவரியில் தனி ஒதுக்கீட்டுக் குறி நின்றால் சந்தேகம் வலுக்கிறது.

கைதேர்ந்த மால்வேர் எழுதும் அனுமதியையும் இயக்கும் அனுமதியையும் ஒருசேரக் கேட்பதில்லை. முதலில் எழுதும், பிறகு அனுமதியை மாற்றும். ஆய்வாளருக்கு அதுவே வாய்ப்பு. அனுமதி மாற்றும் அழைப்பிலேயே நிறுத்துப்புள்ளி வைத்துக் காத்திருந்தால், பூட்டவிழ்ந்த மால்வேர் இயங்குவதற்கு ஒரு கணம் முன்பு, முழு உருவில் கையில் கிடைக்கிறது. அந்தப் பகுதியின் மேல் வலது கிளிக் செய்து இயக்கும் அனுமதியைத் தாமே நீக்கிவிட்டு ஓடவிடுவதும் உண்டு; அங்கே கால் வைத்த முதல் கட்டளையிலேயே நிரல் நின்றுவிடும்.

வாசகர் கடிதங்களில் வந்த மற்றக் கேள்விகள்:

லினக்ஸில் அனுமதியை மாற்றுவது எது? ‘எம்புரொடெக்ட்’ அழைப்பு, ஜிடிபி டீபக்கரிலிருந்தே அதை அழைக்கலாம்.

பிறர் கணினியில் அனுமதியின்றிச் செய்தால்? நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கம் இருந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

விண்டோஸ் பாதுகாப்பு அமைப்புகளிலுள்ள ‘மெமரி இன்டெக்ரிட்டி’ பொத்தான் இப்படி அனுமதி மாற்றுவதைத் தடுக்குமா? சாதாரண நிரல்களில் தடுக்காது. அது காப்பது விண்டோஸின் கருவான கெர்னலை. அங்கே இயங்கும் பக்கத்துக்கு எழுதும் அனுமதியைக் கெர்னலாலேயே கொடுக்க முடியாது. அந்த அதிகாரம் அதற்கும் கீழுள்ள ஹைப்பர்வைசரிடம் இருக்கிறது. அனுமதி உண்மையிலேயே பூட்டாக இருப்பது அங்கேதான். கணினி தாங்குமானால் அதைப் போட்டு வைப்பது நல்லது.

விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் வருமா? பொது ஆதரவு 14 அக்டோபர் 2025-இல் முடிந்தது. வீட்டுக் கணினிகளுக்கு அறிவித்த நீட்டிப்பு 13 அக்டோபர் 2026 வரை. பதிவு செய்தவர்களுக்கு மட்டும்.