கொடிக்கால் நாடு

சேலத்திலிருந்து கரூருக்குச் செல்லும் ராஜபாட்டையில், காவேரிப் பாலத்தை எட்டுமுன் வருவது வேலூர். வட ஆர்க்காட்டு வேலூரோடு மயங்காதிருக்க, வடக்கேயுள்ள பரமத்தியின் பெயரையும் கூட்டிப் பரமத்தி வேலூர் என்கிறார்கள். பெயர் ஒன்று, ஊர் இரண்டு, பேரூராட்சியும் இரண்டு. சேலம் ஜில்லாவிலிருந்த இத்தாலூகா 1997 முதல் நாமக்கல் ஜில்லாவில் இருக்கிறது.

மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது. அதற்கு நெடுங்காலம் முன்பே ஜேடர்பாளையத்தில் காவேரியை மறித்து ராஜ வாய்க்காலை வெட்டுவித்தவர் அல்லாள இளைய நாயக்கர் என்று இப்பக்கத்தார் இன்றும் நன்றியோடு சொல்லுகிறார்கள். வாழையும் கரும்பும் வெற்றிலையும் அந்நீரால் விளைபவை.

வெற்றிலை விவசாயம் குழந்தை வளர்ப்பதற்கு ஒப்பானது. முதலில் அகத்தியை வளர்த்து, அதன் நிழலில் கொடியை நட்டு, ஏற ஏறக் கட்டிவிட வேண்டும். வாடல் நோய் புகுந்தால் கொடிக்காலே போயிற்று. நூறு இலை ஒரு கவுளி. 104 கவுளி ஒரு சுமை. நூறோடு நிறுத்தாமல் நான்கு கவுளி கூட்டியது யாருடைய சௌகரியத்துக்கோ! நெல்லானால் பத்தாயத்திலிட்டு நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். கிள்ளிய இலை காத்திராது. ஆகவே முகூர்த்தமில்லாத ஆடியிலும் மார்கழியிலும் வியாபாரி சொன்னதே விலை. வெற்றிலையை ஆராயும் நிலையம் திருச்சி ஜில்லா சிறுகமணியில் இருக்கிறது. தங்கள் ஊரிலும் ஒன்று வேண்டுமென்று இவ்விவசாயிகள் பல காலமாகக் கேட்டு வருகின்றனர். நியாயமான கோரிக்கை என்பதே நமது அபிப்பிராயம்.

கரும்பின் கதை வேறு. பிலிக்கல்பாளையம் ஏலத்துக்கு வெல்லம் முப்பது கிலோ சிப்பங்களாக வருகிறது. ஆலைக்கொட்டகைகள் சிலவற்றில் வெள்ளைச் சர்க்கரையைக் கலந்து காய்ச்சுவதும், அதிகாரிகள் சோதனை செய்வதும் நடந்தே வருகின்றன. இதில் நஷ்டப்படுகிறவன் கலப்பில்லாமல் காய்ச்சுகிறவனே. அவன் சரக்கு சற்றுக் கறுத்திருப்பதால் ஏலத்தில் விலை குறைகிறது. பளபளப்பையே விரும்பும் பட்டணத்து ஜனங்களுக்கும் இக்குற்றத்தில் பங்குண்டு.

இவை ஒருபுறமிருக்க, சேலம் நகரத்தின் சாக்கடையையும் சாயக்கழிவையும் சுமந்து வரும் திருமணிமுத்தாறு, வேலூருக்கு அருகே நஞ்சை இடையாற்றில் காவேரியோடு கலக்கிறது. பெயரில் மட்டும் முத்து இருக்கிறது. கழிவைச் சேலத்திலேயே சுத்திகரித்து விட வேண்டியது சேலத்தாரின் கடமை. இரு பேரூராட்சிகளும் எத்தனை தீர்மானம் நிறைவேற்றினாலும் அறுபது மைலுக்குள் மேலே இருக்கும் நகரத்தின் குழாயை இங்கிருந்து அடைக்க முடியாது.